ஆமூர் மல்லனும் ஆம்பூர் பாயும்

முதல்லயே சொல்லிடறேன். தலைப்புல இருக்கிற பாய், பிரியாணி பாய் இல்லை. தரையில விரிக்கிற பாய். பிரியாணியை எதிர்பார்த்து வந்த மக்கள் மன்னிக்கணும், அதுக்குத் தனிப் பதிவு பாக்கி இருக்கு :-)

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைச்சலா இருந்த ஒரு வாரம், புறநானூறு புரட்டிக்கிட்டிருந்தேன். 80, 81, 82 மூணு பாட்டும் சாத்தந்தையார் பாடினது. மூணுமே ஒரே ஆளைப் பத்தித்தான்: சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. உறையூர்த் தித்தனோட மகன். அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஆகலை போல. இந்த இளவரசன் முக்காவல் நாட்டு ஆமூர்ங்கிற ஊர்ல ஒரு மல்லனோட மோதறான். (ஆமூர், ஆம்பூர் இல்ல. ஊர்ப்பாசத்துல நானும் ரெண்டு நாள் தேடிப் பார்த்தேன். ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்ல எந்த ஆதாரமும் இல்ல, விட்டுடுங்க.)

80வது பாட்டுல சாத்தந்தையார் கொடுக்கிற வர்ணனை, மல்லுக்கட்டுப் பழகினவங்களுக்கு ஒரு போட்டோ மாதிரி இருக்கும். ஒரு கால் எதிரியோட மார்பை மண்டி போட்டு அழுத்திக்கிட்டிருக்கு. இன்னொரு கால், அவன் திமிறி எடுக்கிற முயற்சியைத் தடுத்து முதுகுப் பக்கம் வளைஞ்சிருக்கு. அப்புறம், பசியோட மூங்கிலைத் தின்னப் பார்க்கிற யானை மாதிரி, தலைப்பக்கமும் கால்பக்கமும் ரெண்டும் முறியற மாதிரி அடிச்சுச் சாய்க்கிறான். நான் போற ஜிம்ல 'நீ ஆன் பெல்லி' (வயித்து மேல முட்டி) சொல்லிக்கொடுத்தப்போ எனக்கு இந்தப் பாட்டுதான் ஞாபகம் வந்துச்சு. கிட்டத்தட்ட 2000 வருஷத்துக்கு முன்னாடி ஒரு புலவர் ஓரமா நின்னு, யாரோட கால் எங்க இருக்குன்னு கரெக்டா பார்த்து எழுதியிருக்கார். நம்ம கிரிக்கெட் வர்ணனையாளர்கள் பாடம் எடுத்துக்கலாம்.

82வது பாட்டுதான் எனக்கு இன்னும் நெருக்கம். சண்டை எவ்வளவு வேகமா நடந்ததுங்கிறதுக்கு அவர் சொல்ற உவமை, தோல் வாரால கட்டில் பின்ற ஒரு தொழிலாளி. ஊர்ல திருவிழா ஆரம்பிச்சாச்சு. வீட்ல பொண்டாட்டிக்குப் பிரசவ வலி. மழை கொட்டுது, பொழுது சாயுது. எல்லாத்துக்கும் ஓடணும், கையில எடுத்த வேலையையும் முடிக்கணும். அவன் கையில இருக்கிற ஊசி அந்தத் தோல் வாரை எவ்வளவு வேகமா உள்ள விட்டு வெளிய இழுக்குமோ அவ்வளவு வேகமா நடந்ததாம் மல்யுத்தம். அந்தத் தொழிலாளியைக் குறிக்கப் புலவர் போடற சொல், இழிந்தவன்னு அர்த்தம் வர்ற சொல்தான். அது உறுத்தத்தான் செய்யுது. ஆனா ஒரு சோழ இளவரசனோட கை வேகத்துக்கு அளவுகோல் வேணும்னா அவன் கையைத்தான் பார்க்க வேண்டியிருந்திருக்கு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம்னு தோலும் ஷூவுமா வாழற ஊர்கள் பக்கம் வளர்ந்தவன் இதைப் படிச்சா சும்மா தாண்டிப் போக முடியாது.

இதே இளவரசன் மேல காதல் வச்ச நக்கண்ணையார் 83லருந்து 85 வரைக்கும் மூணு பாட்டுப் பாடியிருக்காங்க. அதுல ஒண்ணுல, என் ஆளு கூழ்தான் குடிக்கிறான், ஆனாலும் தோள் பாரு எவ்வளவு பெருசுன்னு ஒரு பெருமை. (புரோட்டீன் பவுடர் டப்பாவோட திரியற ரூம்மேட்டுக்கு இதைப் படிச்சுக் காட்டினேன். முறைச்சான்.) இன்னொண்ணுல, ஊர்ல பாதிப் பேர் அவன் ஜெயிச்சான்றான், மீதிப் பேர் இல்லைங்கறான். இவங்க ஓடிப்போய் வீட்டுப் பக்கத்துல இருக்கிற பனைமரத்துல சாஞ்சு நின்னு, அவன் ஜெயிக்கிறதைத் தன் கண்ணால பார்த்துட்டு வர்றாங்க. தமிழ்ல முதல் விளையாட்டு ரசிகை இவங்கதான்னு தைரியமா சொல்லலாம்.

சரி, மேட்ச் எப்படி முடிஞ்சுது? ஆமூர் மல்லனைப் பொருது அட்டு நின்றான்னு பாட்டோட பழங்குறிப்பு சொல்லுது. அடுதல்னா வெல்றதும் உண்டு, கொல்றதும் உண்டு. ரெண்டுக்கும் ஒரே சொல். தலையும் காலும் முறியற மாதிரி அடிச்சான்னு படிச்சப்புறம், மல்லன் எழுந்து கைகுலுக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பான்னு எனக்குத் தோணலை.

இந்த இடத்துலதான் எனக்கு இந்தப் பதிவே ஆரம்பிச்சுது. ஆம்பூர்ல என் ஸ்நேகிதன் ஒருத்தன், மூடிக்கிடந்த ஒரு தோல் கிடங்கை வாடகைக்கு எடுத்துச் சின்னதா ஒரு மல்யுத்த ஜிம் ஆரம்பிக்கிறான். ஜூடோ, ஃப்ரீஸ்டைல், பிரேசிலியன் ஜியுஜிட்சு எல்லாம் கலந்து. விசாரிக்க வந்த ஒரு அம்மா ஷூ கம்பெனியில அப்பர் தைக்கிறவங்க. சேர்க்க வந்தது பன்னிரண்டு வயசுப் பையனை. ஃபீஸ் கூடக் கேக்கலை. "தம்பி, இவன் கை கால் ஒடிஞ்சா நான் இன்னாப்பா பண்ணுவேன்? ஒரு நாள் லீவு போட்டாக்கூட அன்னிக்குக் கூலி போச்சு"ன்னாங்க. அவன் எனக்கு போன் பண்ணி, "மச்சான், நீதான் எதையாவது படிச்சிகினே இருப்பியே, இதுக்கு இன்னா பதில் சொல்றது?"ன்னான். நான் படிச்சதெல்லாம் பழைய கதை. ஆனா மல்யுத்தத்தோட பழைய கதையைக் கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்தா, ஒரு மேட்சை எந்த இடத்துல நிறுத்தணும்னு மனுஷன் கொஞ்சம் கொஞ்சமா கத்துக்கிட்ட கதையாத்தான் எனக்குத் தெரியுது.

பல்லவன் நரசிம்மவர்மன் (ஏழாம் நூற்றாண்டு) மாமல்லன்னு பேர் வச்சுக்கிட்டதும், அந்தப் பேர்ல ஒரு ஊரே இருக்கிறதும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். தாண்டிப் போயிடலாம். விஜயநகரத்துக்கு வந்தா விவரம் நிறைய கிடைக்குது. டொமிங்கோ பாயஸ்னு ஒரு போர்த்துக்கீசியர் 1520 வாக்குல அங்க வந்து, பார்த்ததையெல்லாம் எழுதி வச்சிருக்கார். (1900ல ராபர்ட் சீவெல் ஆங்கிலத்துல கொண்டுவந்தார்.) கிருஷ்ணதேவராயர் விடியறதுக்கு முன்னாடி எழுந்து நல்லெண்ணெய் குடிச்சு, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்ச்சு, கனமான மண் எடைகளைத் தூக்கி, வாள் வீசி, குடிச்ச எண்ணெய் வேர்வையா வெளிய வர்ற வரைக்கும் விடமாட்டாராம். அதுக்கப்புறம் தன்னோட மல்லர்கள்ல ஒருத்தரோட மல்லுக்கட்டு. ராஜாவை யார் மல்லாத்துவா, அந்த மல்லனோட நிலைமையை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. மேனேஜரோட டேபிள் டென்னிஸ் ஆடினவங்களுக்குப் புரியும்.

அதே பாயஸ், மகாநவமி விழாவுல நடந்த மல்யுத்தத்தையும் சொல்றார். நடுவர்கள் இருந்தாங்க. ஆனா பல்லு உதிருது, கண்ணு போகுது, மூஞ்சி உருத்தெரியாமப் போகுது, பேச்சுமூச்சு இல்லாம ஆளைத் தூக்கிட்டுப் போறாங்க. ஆமூரோட ஒப்பிட்டா ஒரு படி முன்னேற்றம்னே வச்சுக்கலாம், தூக்கிட்டுப் போக ஆள் இருந்துச்சு.

மைசூர் ஜெட்டிகள் இன்னொரு படி. வஜ்ரமுஷ்டி காளகம்னு விஜயதசமி அன்னிக்கு மைசூர் அரண்மனையில நடக்கிற சண்டை. மொட்டையடிச்ச தலை, விரல்ல மாட்டின முள்ளுள்ள ஆயுதம். கேக்கவே பயங்கரம்தான். ஆனா விதி என்னன்னா, யார் தலையிலருந்து முதல் சொட்டு ரத்தம் வருதோ அந்த நொடியே ஆட்டம் முடிஞ்சுது. சில சமயம் ஒரு நிமிஷம் கூட ஆகாது. மொட்டையடிக்கிறதே ரத்தம் நல்லா தெரியறதுக்கு வசதின்னுதான் எனக்குப் படுது. இன்னொரு விஷயம், ஜெட்டிகள் பரம்பரையா எலும்பு கட்டறதுலயும் பேர் போனவங்க. உடைக்கத் தெரிஞ்சவங்கதான் ஒட்டவும் தெரிஞ்சு வச்சிருந்திருக்காங்க. நம்ம பக்கத்துல கை கால் ஒடிஞ்சா முதல்ல வாயில வர்ற பேர் புத்தூர் கட்டு. அந்தப் புத்தூர் சித்தூர்ப் பக்கம்தான்.

இனி குஸ்தி. வேலூர்க் கோட்டை விஜயநகரத்துக்காரங்க கையிலருந்து பீஜப்பூர், அப்புறம் 1678ல மராத்தியர், 1708ல மொகலாயர், பிறகு ஆற்காட்டு நவாப் குடும்பம்னு கைமாறினது பெரிய கதை. 1749ல நவாப் அன்வருதீன் செத்ததே ஆம்பூர்ச் சண்டையிலதான். இந்த வரலாறு மறந்துபோனாலும் சொற்கள் நம்ம வாயிலயே உக்காந்திருக்கு. குஸ்தி பாரசீகம். பயில்வான், பாரசீகப் பஹ்லவான். தண்டால், பஸ்கி ரெண்டும் வடக்கத்திப் பயில்வான்களோட தண்டும் பைட்டக்கும். தேர்தல் வந்தா "கோதாவில் குதித்தார்"னு தினமும் பேப்பர்ல போடறாங்களே, அந்தக் கோதா குஸ்தி போடற மண் குழி. நம்ம எம்எல்ஏக்கள்ல எத்தனை பேருக்குத் தண்டால் எடுக்க வரும்னு நான் கேக்க மாட்டேன்.

அந்த மண்ணைப் பத்திச் சொல்லியே ஆகணும். செம்மண்ணைச் சலிச்சு, மஞ்சள், எண்ணெய், நெய், மோர், வேப்பிலைன்னு இடத்துக்குத் தகுந்த மாதிரி கலந்து, தினமும் மண்வெட்டியால கொத்திப் பொலபொலன்னு வைப்பாங்க. கொத்தறதே ஒரு பயிற்சி, புதுசா சேர்ற பையனுக்கு முதல் வேலையே அதுதான். விழுந்தா அடிபடாது. மஞ்சளும் வேப்பிலையும் தோலுக்கு நல்லதுன்னு ஒரு நம்பிக்கை. உஸ்தாத் சொல்லாம யாரும் யாரோடயும் மோத முடியாது. இன்னிக்கு நாம 'ஸேஃப்டி'ன்னு சொல்றதுல பாதி அந்தக் குழியிலயே இருந்திருக்கு. தோல்விக்கான விதியும் எளிமை: முதுகு மண்ணுல பட்டா முடிஞ்சுது. எலும்பு உடையவேண்டாம், ரத்தம் வரவேண்டாம். ஆளை மல்லாத்திட்டியா, போதும், எழுந்திரு. "குப்புற விழுந்தும் மீசையில மண் ஒட்டல"ன்னு கிண்டல் பண்றோமே, குஸ்தி விதிப்படி குப்புற விழுந்தவன் தோக்கவே இல்லை. மீசை நிறைய மண் ஒட்டினாலும் ஆட்டம் நடந்துக்கிட்டேதான் இருக்கும்!

இந்த ஓட்டையை உலகத்துக்கே காட்டினவர் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோ. 1910 செப்டம்பர், லண்டன். எதிரே காமா பயில்வான். ஆரம்பத்துலயே கீழ போன ஸ்பிஸ்கோ, ரெண்டரை மணி நேரத்துக்கும் மேல பெரும்பாலும் குப்புறப் படுத்தே ஓட்டிட்டார். முதுகைக் காட்டவே இல்லை. டிரா. ஜனங்க கடுப்பாயிட்டாங்க. மறு மேட்சுக்கு ஆள் வரலை, காமா ஜெயிச்சதா அறிவிச்சாங்க. 1928ல பாட்டியாலாவுல ரெண்டு பேரும் திரும்ப மோதினப்போ, ஒரு நிமிஷத்துக்குள்ள முடிச்சார் காமா. 

மண்ணுலருந்து பாய்க்கு மாறினது இந்தியாவுக்கு லேசா இருக்கலை. மகாராஷ்டிராவின் கஷாபா ஜாதவ் 1948 லண்டன் ஒலிம்பிக்ல ஆறாவது இடம். மண்ணுல வளர்ந்த கால், பாய் பழக்கமில்லை. 1952ல ஹெல்சிங்கி போகக் காசில்லாதப்போ, அவர் படிச்ச கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி முதல்வர் தன்னோட வீட்டை அடமானம் வச்சு 7000 ரூபாய் கொடுத்தார். வெண்கலம் வந்துச்சு. சுதந்திர இந்தியாவோட முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம். 

இப்போ ஜப்பான் பக்கம் போகணும், ஏன்னா என் ஸ்நேகிதன் ஜிம்ல விரிக்கப்போற பாய்க்கு அங்கதான் வேர். ஜிகோரோ கானோ 1882ல கோடோகான் ஆரம்பிச்சப்போ அவருக்கு 21, 22 வயசு இருக்கும். பல்கலைக்கழகத்துல படிச்சவர், பிறகு வாத்தியார். பழைய ஜுஜுட்சு பள்ளிகள்ல ஆபத்தான பிடிகளை முழு வேகத்துல பழக முடியாது, பழகினா ஆள் உடைஞ்சிடுவான், அதனால நிறைய விஷயம் நாடகம் மாதிரி செஞ்சு காட்டறதோட நின்னுபோச்சு. கானோ செஞ்சது தலைகீழ். உடைக்கிற பிடிகளை ஒதுக்கி வச்சார். மிச்சமிருக்கிறதை முழு பலத்தோட, எதிர்க்கிற ஆள் மேல, தினமும் பழகச் சொன்னார். எப்படித் தள்றதுன்னு சொல்லித்தர்றதுக்கு முன்னாடி எப்படி விழறதுன்னு சொல்லித்தந்தார். 1880கள்ல கோடோகான் பசங்க பழைய பள்ளிக்காரங்களைப் போட்டிகள்ல தொடர்ந்து ஜெயிச்சதுக்குக் காரணம், 'ஆபத்தான' வித்தை தெரிஞ்சவனை விட, ஆபத்தில்லாததை ஆயிரம் தடவை நிஜமா செஞ்சவன் மேல்ங்கிறதுதான். என் தொழில் பாஷையில சொன்னா, டெஸ்ட் பண்ண முடியாத கோடு எவ்வளவு அழகா இருந்தாலும் பிரயோஜனமில்லை.

தட்டறது (டேப்) இந்த ஏற்பாட்டோட அச்சாணி. கை முறுகுது, மூச்சு முட்டுது, எதிரியோட உடம்புலயோ பாய் மேலயோ ரெண்டு தட்டு. அவன் உடனே விடணும். ஆமூர்ல மல்லன் செத்தான், மைசூர்ல ரத்தம், குஸ்தியில முதுகு. இங்க தோக்கறவனே முடிவு பண்றான் எங்க நிறுத்தணும்னு. 

தட்டாதவங்களும் இருந்திருக்காங்க. 1951 அக்டோபர், ரியோவோட மரக்கானா மைதானம். ஹீலியோ கிரேசியோட கையை ஜப்பானோட மசாஹிகோ கிமுரா முதுகுக்குப் பின்னால முறுக்கினார். கிரேசி தட்டலை. எலும்பு முறிஞ்சும் தட்டலை. அண்ணன் கார்லோஸ் துண்டைத் தூக்கிப் போட்டு நிறுத்தினார். அந்தப் பிடிக்கே இன்னிக்கு கிமுரான்னு பேர். வீரம்னு பாராட்டறாங்க. போட்டியில, அதுவும் அண்ணன் துண்டோட ஓரத்துல நிக்கறப்போ சரி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு வயசுப் பையன் அதைச் செஞ்சா அதுக்கு வேற பேர்.

ஆம்பூர்ப் பசங்க கிட்ட இது ஒரு நிஜப் பிரச்சினையாயிடும்னு நினைக்கிறேன், ஏன்னா நம்ம பக்கத்துப் பசங்க எல்லாம் கபடியில வளர்ந்தவங்க. கபடியில கணுக்காலைப் பிடிச்சு நாலு பேர் அமுக்கினாலும் கோட்டைத் தொடற வரைக்கும் திமிறணும், அதுதான் அழகு. விட்டுக்கொடுத்தா ஊரே சிரிக்கும். அந்த உடம்புக்குத் தட்டுடான்னு சொல்லிக்கொடுக்கிறது, புதுசா ஒரு பிடி சொல்லிக்கொடுக்கிறதை விடக் கஷ்டம்.

வலியைக் கேக்கறதுன்னு வந்தா, அதைப் பத்தி உலகத்துக்கே பாடம் எடுத்த ஊர் நம்ம வேலூர்தான். கொல்லிமலையில 1914ல பொறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946ல வேலூர் சிஎம்சிக்கு வந்தார். தொழுநோயில விரல்கள் தானா அழுகி விழுதுன்னுதான் அதுவரைக்கும் நம்பிக்கிட்டிருந்தாங்க. அவர் கவனிச்சுக் கண்டுபிடிச்சது வேற: நோய் நரம்பைக் கொன்னு வலியைப் பறிக்குது. வலி இல்லாததால அடுப்புல சுட்டுக்கிறதும், ஆணி குத்தறதும் தெரியாம, அந்த மனுஷன் தன் கையைத் தானே கொஞ்சம் கொஞ்சமா அழிச்சுக்கிறான். துருப்பிடிச்ச பூட்டு ஒண்ணை அவரால திறக்க முடியாதப்போ, நோஞ்சான் பையன் ஒருத்தன் வந்து சாவியை ஒரே முறுக்கா முறுக்கித் திறந்தானாம். பார்த்தா விரல் எலும்பு தெரியற அளவுக்குக் கிழிஞ்சிருக்கு, அவனுக்குத் தெரியவே இல்லை. வலியை ஒரு வரம்னே பிராண்ட் பிற்காலத்துல எழுதினார். உணர்ச்சி இல்லாத பாதங்களுக்கு மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு உருவானதும் இந்த வேலூர்-கரிகிரி வட்டாரத்துல நடந்த வேலைதான். ஊரே செருப்பும் ஷூவும் பண்ற இடத்துல அது நடந்தது பொருத்தம்தான்.

இதை ஏன் இழுக்கறேன்னா, மல்யுத்தத்துல எல்லாப் பிடியும் ஒரே மாதிரி வலிக்காது. முழங்கையை நீட்டி மடக்கினா வலி முதல்ல வரும், சேதம் அப்புறம். தட்ட நேரம் இருக்கு. 'ஹீல் ஹூக்'னு ஒண்ணு, குதிகாலைக் கொக்கி போட்டுத் திருப்பறது. திரும்பறது பாதம், போறது முழங்கால் தசைநார். வலி தெரியறப்போ நார் ஏற்கனவே கிழிஞ்சிருக்கும். அந்த ஒரு நொடி உங்க கால், பிராண்டோட நோயாளி கால் மாதிரி. அதனாலதான் ஜூடோவுல காலை முறுக்கற பிடிகளே போட்டியில கிடையாது. ரஷ்யாவோட சாம்போவுல கால் பூட்டு உண்டு, கழுத்து நெரிப்பு கிடையாது. ஜியுஜிட்சு சம்மேளனம் (ஐபிஜேஜேஎஃப்) 2021 வரைக்கும் ஹீல் ஹூக்கை யாருக்குமே அனுமதிக்கலை, அப்புறமும் அங்கி இல்லாத ஆட்டத்துல, பெரியவங்கள்ல பிரவுன், பிளாக் பெல்ட்டுக்கு மட்டும்தான். கழுத்து நெரிப்பும் ஏமாத்தும். சரியா விழுந்தா மூளைக்குப் போற ரத்தம் நின்னு, பத்து வினாடி வாக்குல ஆள் வலியே இல்லாம மயங்கிடுவான். மயங்கினவன் தட்ட மாட்டான், கூட இருக்கிறவன்தான் பார்க்கணும்.

கழுத்துன்னா அதுக்கும் வேலூர்ல ஒரு பேர் இருக்கு. டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல கார் விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ செயலிழந்தார். சக்கர நாற்காலியில உக்காந்தே ஆபரேஷன் பண்ணார், அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்தார். 1966ல பாகாயத்துல சிஎம்சியோட மறுவாழ்வு நிலையம் வந்துச்சு. என் ஸ்நேகிதனை அந்தப் பக்கம் ஒருநாள் சும்மா போய்ட்டு வரச் சொல்லியிருக்கேன். எதிராளியைத் தலைகுப்புற இறக்கறது, நின்னுக்கிட்டிருக்கிறவன் இடுப்புல தாவி ஏறித் தொங்கறது, ரெண்டு காலாலயும் கத்திரி போட்டு விழுத்தறது இதெல்லாம் ஏன் கூடாதுன்னு வாயால சொல்ல வேண்டியிருக்காது. கத்திரிக்கு ஜப்பான் கொடுத்த விலை தெரியும்ல? 1980ல, உலகத்துலயே யாரும் அசைக்க முடியாத யமாஷிதாவோட கணுக்கால் பக்கத்து எலும்பை எண்டோ இந்தக் கத்திரியால முறிச்சார். பின்னாடி அந்தப் பிடியையே போட்டிகள்ல தடை பண்ணாங்க.

கானோவோட நாடாச்சே, எல்லாம் பத்திரமா இருக்கும்னு நினைக்காதீங்க. இந்தப் பதிவுல எனக்கு எழுதக் கை வராத இடம் இதுதான். 1983லருந்து சுமார் 30 வருஷத்துல ஜப்பான் பள்ளிக்கூட ஜூடோவுல நூறு பிள்ளைகளுக்கு மேல செத்திருக்காங்க. பெரும்பாலும் தலைக்குள்ள ரத்தக்கசிவு. நிறைய பேர் புதுசா சேர்ந்தவங்க, விழக் கத்துக்கறதுக்கு முன்னாடியே பின்பக்கமா வீசப்பட்டவங்க. தலை தரையில மோதணும்னு கூட இல்லை, வேகமா உலுக்கினாலே போதும். ஒருதரம் மண்டை கனக்குதுன்னு சொன்ன பையனைத் திரும்பவும் பாய்ல இறக்கின கேஸ்கள் உண்டு. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெத்தவங்க 2010ல ஒரு சங்கமா சேர்ந்து கேள்வி கேட்டாங்க. விஷயம் வெளிய வந்து, பயிற்சி முறை மாறினதும் சாவு எண்ணிக்கை சட்டுனு குறைஞ்சுது. அதே சமயம் பிரான்ஸைப் பாருங்க. பதிவு பண்ணி ஜூடோ பழகறவங்க ஜப்பானை விட அங்க அதிகம், பாதிக்கு மேல சின்னப் பசங்க. ஆனா 1955லருந்தே அரசுச் சான்றிதழ் இல்லாம அங்க யாரும் ஜூடோ சொல்லித்தர முடியாது. பாய் ஒண்ணுதான், வீசற முறையும் ஒண்ணுதான். வித்தியாசம் வாத்தியார். நம்ம ஊர்ல ஒரு ஃப்ளெக்ஸ் பேனரும் ரெண்டு கலர் பெல்ட்டும் இருந்தா எவன் வேணாலும் மாஸ்டர்.

எடை குறைக்கிறதையும் சொல்லிடறேன். 1997 கடைசியில அமெரிக்காவுல மூணு கல்லூரி மல்யுத்த வீரர்கள், எடைப் பிரிவுக்குள்ள நுழைய உடம்புத் தண்ணியை வத்த வச்சு, அடுத்தடுத்து செத்தாங்க. அதுக்கப்புறம்தான் அங்க விதிகளை மாத்தினாங்க. 2024 பாரிஸ்ல வினேஷ் போகத் 100 கிராம்ல தங்கத்துக்கான மேட்சை இழந்தப்போ நாம எல்லாரும் கண் கலங்கினோம், ஆனா முந்தின ராத்திரி அந்தப் பொண்ணோட உடம்பு என்ன பட்டிருக்கும்னு எத்தனை பேர் யோசிச்சோம்? மே மாச ஆம்பூர் வெயில்ல எந்தப் பையனையும் எடை குறைன்னு சொல்லக்கூடாதுன்னு ஸ்நேகிதன் கிட்ட கறாரா சொல்லிட்டேன். அவன் இருக்கிற எடையில விளையாடட்டும்.

மத்தபடி அவன் செய்யப்போறதெல்லாம் ரொம்பச் சாதாரணம். பாய்த் துண்டுகள் விலகாம இருக்க ஓரத்துல மரச்சட்டம், கிடங்குத் தூண்களுக்கு ஸ்பான்ஞ் சுத்தி ரெக்ஸின் உறை (உறை தைக்க அந்த ஊர்ல ஆளா இல்லை!). முதல் மாசம் விழறது மட்டும். எடையும் வயசும் ஒத்துவராத ரெண்டு பேரைச் சேர்த்து விடறதில்லை. ஒரே நேரத்துல ஆறு ஜோடிக்கு மேல பாய்ல கிடையாது, உருண்டு வந்து அடுத்தவன் முட்டியில விழறதுதான் நிறைய காயத்துக்குக் காரணம். நகம் வெட்டாதவன் வீட்டுக்கு. படர்தாமரை இருந்தா ஆறும் வரைக்கும் வரக்கூடாது. தினமும் ராத்திரி கிருமிநாசினி போட்டுப் பாயைத் துடைக்கணும், புதுசா சேர்ற பையனுக்கு அதுதான் முதல் வேலை. மண்ணைக் கொத்தின கை இப்போ மாப் பிடிக்குது, அவ்வளவுதான். தலையில அடிபட்டவன் டாக்டர் சொல்ற வரைக்கும் பாய் ஏறக்கூடாது. பிள்ளைகளுக்குக் கழுத்து நெரிப்பும் கால் பூட்டும் கிடையாது. ஒருத்தன் தட்டினப்புறமும் விடாதவன், எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும், அன்னியோட சரி.

அந்த அம்மாவுக்கு என்ன சொன்னான்னு கேட்டேன். "கை ஒடியாதுன்னு என்னால சொல்ல முடியாதுக்கா. முதல் மாசம் பூரா நீங்களும் வந்து உக்காந்து பாருங்க, எப்ப வேண்டாம்னு தோணுதோ அப்பவே கூட்டிட்டுப் போயிடுங்க"ன்னானாம். ஞாயித்துக்கிழமைதான் லீவுன்னாங்களாம். அதனால சின்னப் பசங்க கிளாஸை ஞாயித்துக்கிழமைக்கு மாத்திட்டான்.

வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கம் உங்க தாத்தா காலத்துல கோதாவோ, குஸ்தி சொல்லிக்கொடுத்த உஸ்தாதோ இருந்த இடம் யாருக்காவது தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. தாராசிங்-கிங்காங் கதைகள் என்கிட்ட நிறைய சேர்ந்தாச்சு, எனக்கு வேண்டியது மண்ணு கொத்தின கதை. அடுத்த தடவை ஊருக்கு வர்றப்போ நேர்ல போய்ப் பார்த்து எழுதறேன். பிரியாணிப் பதிவும் அப்போதான்.